ரெண்டாவது மாத்திரை வந்தால் முதல் மாத்திரையை நிறுத்தலாமா?

குழந்தைக்கு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். ஓரிரு நிமிஷத்தில் வலிப்பு தானாக நிற்கிறது. பேர் என்னவோ சாவிக்கு!

சாவி வைத்தியத்தைப் பற்றிப் பலரும் சொல்லியாகிவிட்டது. நாம் கேட்பது வேறு. மாத்திரை சாப்பிட்டும் வலிப்பு அடங்காத பிள்ளைகளுக்கு என்ன வழி?

வலிப்பு நோய் உள்ளவர்களில் 10-க்கு 7 பேருக்குச் சரியான மருந்தைத் தவறாமல் சாப்பிட்டாலே நின்றுவிடும். மீதிப் பேருக்கு லேசில் அடங்காது. அவர்களுக்கு டாக்டர் முதல் மருந்தின் அளவைக் கூட்டிப் பார்ப்பார். கேட்கவில்லை என்றால் மருந்தை மாற்றுவார். அல்லது, இருக்கிற மருந்தோடு இன்னொன்றைத் துணைக்குச் சேர்ப்பார். குளோபசாம், லெவிடிராசிட்டம், லாமோட்ரிஜின் எல்லாம் இப்படிச் சேர்க்கிற மருந்துகள்தான்.

வினை இங்கேதான்! "புதுசு எழுதிட்டாரே, பழசு எதுக்கு?" என்று வீட்டில் பழைய மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வரும். உயிருக்கே உலை வைத்துவிடும்.

பெற்றோரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. சீட்டைப் பாருங்கள். இங்கிலீஷில் ஒரே கிறுக்கல்! "பழையதைத் தொடரவும். புதியது ராத்திரி அரை மாத்திரை. ரெண்டு வாரம் கழித்து ஒன்று" என்று தமிழில் மூணு வரி எழுத எத்தனை நேரம் ஆகும், டாக்டர் ஐயா?

அந்த "ரெண்டு வாரம்" சும்மா இல்லை. வால்புரோவேட் சாப்பிடும் பிள்ளைக்கு லாமோட்ரிஜின் சேர்த்தால், அது உடம்பைவிட்டு மெதுவாகத்தான் வெளியேறும். அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் தோலில் கொப்புளம் கிளம்பி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரலாம். குளோபசாம் தூக்கத்தைக் கொடுக்கும். லெவிடிராசிட்டத்தில் சில பிள்ளைகளுக்கு முரட்டுக் கோபம் வரும். விஷயம் தெரியாத வாத்தியார் "தூங்குமூஞ்சி" என்று பெஞ்ச் மேல் ஏற்றுவார். பள்ளிக்கூடத்தில் மறைக்காமல் சொல்லிவைப்பதே மேல்.

மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "அந்தக் கம்பெனி இல்லே, இதை வாங்கிக்கோங்க" என்பது தலைவலி மாத்திரைக்குச் சரி. வலிப்பு மாத்திரைக்கு டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

சரி, ரெண்டு மருந்தும் கேட்கவில்லை. மூணு, நாலு என்று சேர்த்துக்கொண்டே போவதா? சரியாகத் தேர்ந்தெடுத்த 2 மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் நிற்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010-ல் வரையறுத்தது. அதற்குப் பிறகு இன்னொரு மாத்திரையால் முழுசாக நிற்பது அபூர்வம். அப்போது, "ஆபரேஷனுக்கு வழி உண்டா? கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைக்கும் பத்தியச் சாப்பாடு சரிப்படுமா?" என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில், 1995 முதல் வலிப்புக்கு மூளை ஆபரேஷன் நடக்கிறது. எல்லாருக்கும் பொருந்தாது. பொருந்துமா என்று பார்த்துச் சொல்லத்தான் டாக்டர் இருக்கிறார்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் வந்தது என்று மளிகைக்கடை காலண்டரிலேயே குறித்துக்கொண்டு போங்கள். செல்போனில் படம் பிடித்தும் காட்டலாம். 5 நிமிஷம் தாண்டியும் நிற்கவில்லையா? படம் பிடிக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.