முப்பது கிராம் உயிருக்கும் வைத்தியர் வேண்டும்

பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபமும் உண்டு. வாத்தியார் கோபம் உங்களுக்குப் புதிதல்ல.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இப்போது பல வீடுகளில் லவ் பேர்ட்ஸ் கூண்டு தொங்குகிறது. நாம் அப்படிச் சொல்வது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜி குருவியை. வளர்ப்பதில் தப்பில்லை. அது இறகைச் சிலிர்த்து, கண் மூடி, மூலையில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்கிறீர்கள்? மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கிப் பிரித்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் கொட்டுகிறீர்கள். கேட்டால், "வாட்ஸ்அப்பில் வந்தது சார்" என்கிறீர்கள்.

கணக்குப் போடுங்கள். நம் எடை 60 கிலோ. குருவியின் எடை 30 முதல் 40 கிராம். வித்தியாசம் 1,500 முதல் 2,000 மடங்கு! நாள் முழுவதும் அது குடிப்பது சில மில்லி தண்ணீர். கசந்தால் அதையும் குடிக்காது. போதாததற்குக் கூண்டில் கணவாய் ஓடும் தொங்கும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இதற்குப் பெயர் வைத்தியமா?

சிலிர்த்து உட்காருவது நோயின் பெயர் அல்ல, அறிகுறி. குடல் புழு, பூஞ்சை, கிருமி, முட்டை அடைப்பு, எதுவானாலும் குருவி இப்படித்தான் உட்காரும். எச்சத்தை நுண்ணோக்கியில் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. பூஞ்சைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பூஞ்சை இன்னும் வளரத்தான் வழி.

மனித மருந்து பறவையை என்ன செய்யும் என்பதற்கு நாடறிந்த சாட்சி இருக்கிறது. மாட்டுக்குப் போட்ட வலிநிவாரணி டைக்ளோஃபெனாக், அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்த பிறகு, 2006இல்தான் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் சார்" என்று சிலர் சிரிக்கிறீர்கள். கூண்டுக்கும் தினைக்கும் செலவழித்தபோது அந்தப் பழமொழி எங்கே போயிருந்தது? உயிருக்கு விலை, வாங்கிய விலை அல்ல. சரி, குருவியை விடுங்கள், உங்கள் பிள்ளைகளை நினையுங்கள். கிளிக்காய்ச்சல் என்று ஒரு நோய் உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக மனிதர் நுரையீரலுக்கு வரும். 1929-30இல் பல நாடுகளில் பரவி ஆட்களைக் கொன்றது. அந்த நோய் கண்ட பறவைக்கு வழக்கமாக 45 நாள் மருந்து தேவை. மூன்று நாள் கேப்சூல் நோயை மறைக்கும், போக்காது. வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் என்றால், பறவை வளர்ப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கு ஆடு மாடு பார்க்கவே நேரம் போதாது. கோழி வைத்தியமோ பண்ணைக்கானது. செத்த கோழியை அறுத்துப் பார்த்து மற்றவற்றைக் காப்பாற்றலாம். கூண்டில் இருப்பது ஒற்றைக் குருவி, உயிரோடு இருக்கும்போதே நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஒரு நுண்ணோக்கி, ஒரு கிராம் தராசு. இரண்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதைக் கேட்டு மனு எழுதுங்கள். கரைவெட்டிக்கு 2024இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததைப் பெருமையாகப் பகிர்ந்தவர்கள்தானே நீங்கள்? ஏரிப் பறவைக்கு உள்ள மதிப்பு வீட்டுப் பறவைக்கு இல்லையா?

அதுவரை செய்ய வேண்டியவை: வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே கிளம்புங்கள். பறவை நோயை மறைக்கும். நமக்குத் தெரியும்போது பாதி தாமதமாகிவிட்டது. கூண்டைக் கழுவாமல், எச்சம் விழுந்த காகிதத்தோடு கொண்டுபோங்கள். உள்ளூரில் முடியாவிட்டால் ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

பச்சைக்கிளி வைத்திருப்போருக்குத் தனியாகச் சொல்கிறேன்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பயந்து வைத்தியம் பார்க்காமல் சாகவிடாதீர்கள், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். கேப்சூல் பெயர் மட்டும் கேட்காதீர்கள்.