பரலோகத் தங்கத்துக்கு என்ன ரேட்?

தேவனுடைய சிங்காசனமே ரத்தினமாம், பரலோகத் தெருவே தங்கமாம், அப்போ அவர் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வறுமையாம்? இப்படி ஒரு பிரசங்கத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. பி.காம் படிக்கிறவன்ங்கிற முறையில் சொல்றேன், கணக்கே இடிக்குது. அரிதா கிடைக்கிறதாலதான் தங்கத்துக்கு அந்த விலை. தெருவில் போட்டு மிதிக்கிற அளவுக்கு இருந்தா அது தார் ரோடு மாதிரிதான்!

எசேக்கியேல் ஒண்ணும் சொத்துப் பட்டியல் எழுதலை. முதல் அதிகாரத்தில் 'போல', 'சாயல்' என்று எத்தனை முறை தயங்குகிறார் பாருங்க. சிங்காசனம் நீலரத்தினம் போல இருந்ததாம். அந்தக் கல் ஆப்கானிஸ்தான் மலைகளில் கிடைக்கிற லாபிஸ் லசூலி என்பது பல ஆய்வாளர்கள் கருத்து. ஆழ்ந்த நீலத்தில் பொன்னிறத் துகள்கள், அசல் இரவு வானம். அவருக்கு வேண்டியது அந்த நிறம்தான். வெளிப்படுத்தல் 4-ல் யோவானும் அப்படித்தான்: வச்சிரக்கல், பதுமராகம், மரகதம் போன்ற வானவில். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

சரி, அதே புத்தகத்தில் பொன்னும் முத்தும் ரத்தினமும் பூட்டிக்கொண்டு வருவது யார்? 17-ஆம் அதிகாரத்து மகா பாபிலோன். அடுத்த அதிகாரத்தில், சரக்கை வாங்க ஆளில்லையே என்று வியாபாரிகள் அழுகிறார்கள். அந்தச் சரக்குப் பட்டியல் பொன்னில் ஆரம்பித்து மனித உயிர்களில் முடிகிறது. ஆசீர்வாதக் கூட்டங்களில் இந்த இரண்டு அதிகாரங்களை யாரும் வாசித்து நான் கேட்டதே இல்லைங்க.