பிள்ளைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் சிகிச்சை வேண்டும்

நன்றாகப் படித்த பிள்ளை இரவில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். நாலு பேர் கூடிப் பேசினால் தன்னைப் பற்றித்தான் என்கிறான். தோட்ட லயத்தில் இதற்கு முதலில் வரும் விளக்கம் காத்துக் கருப்பு, அடுத்தது திமிர். கோயிலில் நூல் கட்டுவதை நான் தடுப்பதில்லை. திமிர் என்று சொல்லி அடிப்பதைத்தான் தடுக்க வேண்டும்.

அட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆலோசனை ஆசிரியையாக இருக்கிறேன். சாதாரண தர மாணவன் ஒருவனின் வீட்டுக்குப் போனேன். ஒரே காம்பராவில் ஆறு பேர். கொழுந்தெடுத்து வந்த அம்மா இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. அப்பாவும் அக்காவும் அப்பாயியும் ஒரே நேரத்தில் அவனை ஏசினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு டீவி. அவன் காதைப் பொத்திக்கொண்டு இஸ்தோப்பில் குந்தியிருந்தான். அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. பயந்துபோயிருந்தார்கள்.

வீட்டார்தான் மனநோயை உண்டாக்கினார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் ஏச்சும் குற்றச்சாட்டும் நிறைந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பதை லண்டனில் ஆய்வாளர் ஜோர்ஜ் பிரவுன் குழுவினர் அறுபது வருடங்களுக்கு முன்பே கண்டார்கள். தமிழ்நாட்டு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல நிலையத்தில் 1957 முதலே குடும்பத்தாரும் நோயாளியோடு தங்குகிறார்கள். 2020இல் டேவிட் மிக்லோவிட்ஸ் குழு வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், இருமுனை மனநோய் வரும் அபாயமுள்ள 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குக் குடும்பத்தோடு சேர்த்து நாலு மாதத்தில் 12 சிகிச்சை அமர்வுகள் நடந்தன. குறுகிய ஆலோசனை பெற்றவர்களைவிட அவர்கள் அடுத்த மனநிலைச் சரிவு வராமல் அதிக காலம் இருந்தார்கள். முதல் அறிகுறிகள் மட்டும் விரைவாகத் தீர்ந்துவிடவில்லை. உடனே பலன் கேட்கிற பெற்றோருக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அமர்வில் கற்பது எளிய விஷயங்கள்தான். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது. "எப்பவும் நீ இப்படித்தான்" என்னாமல் இன்று நடந்ததை மட்டும் சொல்வது. பிள்ளையின் தூக்கம் கெடாமல் பார்ப்பது. எந்த அறிகுறி கூடினால் வைத்தியரிடம் ஓட வேண்டும் என்று தெரிந்து வைப்பது. மருந்து தேவைப்பட்டால் அதுவும் வேண்டும்.

வேலை நாளில் கிளினிக்குக்கு வரச் சொன்னால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எப்படி வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமையில், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலேயே, தமிழில் இந்த அமர்வுகளை நடத்தலாம். அம்மா குவைத்தில் வேலை செய்கிற வீடென்றால் அவரை வட்ஸ்அப்பில் சேர்த்துக்கொள்ளலாம். சுகாதார அமைச்சு ஆளை அனுப்பட்டும். தோட்ட நிர்வாகங்கள் இடத்தைத் திறந்து விடட்டும். அதுவரை, உங்கள் பிள்ளையின் போக்கு மாறினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.