முள்ளின் துடிப்பு



முள் வைத்த பழைய எடை மெஷின் உங்கள் வீட்டில் இருந்தால், அதில் ஏறி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று பாருங்கள். நாம் நின்றாலும் முள் நிற்காது. மெல்லத் துடித்துக்கொண்டே இருக்கும். இதயம் ரத்தத்தைப் பீய்ச்சும்போதெல்லாம் உடம்பு எதிர்ப்பக்கம் இம்மியளவு தள்ளப்படுகிறது. 1877-லேயே ஜே. டபிள்யூ. கார்டன் என்பவர் இதைக் கவனித்து எழுதிவிட்டார். பின்னர் அமெரிக்க மருத்துவர் ஐசக் ஸ்டார், ஆளைப் படுக்கவைத்து அந்த அசைவைப் பதிவுசெய்யத் தனி மேஜையே உருவாக்கினார்.

அந்த மேஜையின் வேலையை இப்போது கைப்பேசி செய்கிறது. போனைச் சாய்த்தால் திரையும் திரும்புகிறதே, அதை அறியும் அசைவுணரிகளே போதும். பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள், படுத்திருப்பவரின் நெஞ்சில் போனை வைத்து மூன்று நிமிடம் பதிவு செய்தார்கள். மொத்தம் 300 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற இதயத் துடிப்புக் கோளாறு. நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேரைப் போன் சரியாகக் கண்டுகொண்டது என்று 2018-இல் வெளியிட்டார்கள்.

இதைப் படித்ததும் எனக்குப் பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. "படபடன்னு வருது, அப்புறம் போயிடுதுடா" என்பார். ஈ.சி.ஜி. எடுத்த நேரத்தில் எல்லாம் சரியாக இருந்தது. இந்த நோயின் பொல்லாத்தனமே அதுதான், வரும், போகும். பலருக்குப் படபடப்புகூடத் தெரியாது. இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். பெரியம்மாவுக்கு அதுதான் நடந்தது.

பஸ்ஸில் போகும்போதோ நடக்கும்போதோ இந்த நுண்ணிய அசைவு பிடிபடாது. போன் சந்தேகத்தைத்தான் சொல்லும், உறுதிசெய்ய ஈ.சி.ஜி. வேண்டும். ஆனாலும் படபடப்பு வந்த அந்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போன்தானே! அதனால்தான் இந்த ஆய்வை இவ்வளவு ஆசையோடு உங்களிடம் சொல்கிறேன்.

போனே இல்லாவிட்டாலும் விரல்கள் இருக்கின்றன. வீட்டுப் பெரியவர்களின் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். துடிப்பு தாளம் தப்பித் தப்பி வந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பெரியம்மாவின் கையை எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன், ரோட்டைக் கடக்க, கோயில் படி இறங்க. நாடி பார்க்க ஒருநாளும் பிடித்ததில்லை.

அன்புடன்,
ஆசிரியர்