ஓடாத காருக்கு என்ன பெருமை?

துபாயில் வேலை பார்க்கும் என் மைத்துனன் மகனுக்கு என்னைச் சும்மா இருக்க விட மனம் வராது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ அனுப்பினான். 1995 மாடல் மெக்லாரன் எஃப்1. 2021 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெபிள் பீச் ஏலத்தில் 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போன கார். "மாமா, மீட்டரைப் பாருங்க! மொத்தமே 242 மைல். வாங்கினா இப்படி ஒண்ணு வாங்கணும்" என்று கீழே ஒரு குறிப்பு. என்னவோ நான் நாளைக்கே வாங்கப்போகிறவன் மாதிரி.

242 மைல் என்றால் ஏறக்குறைய 390 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பினால் மதுரைக்கு முன்பே நின்றுவிடும். 26 வருஷத்தில் இவ்வளவுதான் ஓட்டம். வருஷத்துக்கு 15 கிலோமீட்டர். நான் பால் வாங்க நடப்பதே அதைவிட அதிகம். என் முழங்காலுக்கு யாரும் ஏலம் கேட்டதில்லை.

மீட்டரில் எண் குறைவாக இருந்தால் கார் நல்ல கார் என்ற இந்த நம்பிக்கை எப்படித்தான் இவ்வளவு பரவியதோ! கோடீஸ்வரர் முதல் பழைய மாருதி தேடுகிறவர் வரை எல்லோரும் முதலில் குனிந்து பார்ப்பது அந்த எண்ணைத்தான். அப்படிக் குனிகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: மிஸ்டர் பீன் காரைப் பற்றித் தெரியுமா?

டிவியில் அவர் கூரைமேல் நாற்காலி போட்டு ஓட்டிய பச்சை மினியைச் சொல்லவில்லை. மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் 1997இல் சொந்தக் காசில் வாங்கியது இதே மெக்லாரன் எஃப்1. மின்பொறியியல் படித்தவர், லாரி ஓட்டும் உரிமமும் எடுத்து வைத்திருப்பவர். அதனால் காரை எதற்கு வாங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஓட்டினார். 1999இல் ஒரு சின்ன ஆஸ்டின் மெட்ரோவின் பின்னால் கொண்டுபோய் இடித்தார். சரிசெய்து மறுபடியும் ஓட்டினார். 2011இல் கேம்பிரிட்ஜ்ஷயரில் மரத்தில் மோதினார். கார் தீப்பிடித்தது, அவருக்குத் தோளில் அடி. காப்பீட்டுக் கம்பெனி 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு கொடுத்துச் சரிசெய்தது. மறுபடியும் ஓட்டினார். கடைசியில் 2015இல் விற்றபோது மீட்டரில் இருந்தது சுமார் 41,000 மைல். விலை? 80 லட்சம் பவுண்டு அளவில் போனது. அவர் கொடுத்ததைப் போலப் பத்து மடங்குக்கு மேல்.

இரண்டு தரம் இடித்து, ஒரு தரம் எரிந்து, 66,000 கிலோமீட்டர் ஓடிய கார் அது. நம் ஊர்த் தரகர் கண்ணில் பட்டிருந்தால் "ஆக்சிடென்ட் வண்டி சார், கிட்டப் போகாதீங்க" என்றிருப்பார்.

இந்தக் கார் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். வடிவமைத்த கார்டன் மர்ரி, ஓட்டுகிறவரைத் தவிர வேறு எதையும் யோசித்த மாதிரித் தெரியவில்லை. இருக்கையை நட்டநடுவில் வைத்தார். உடன் வருகிற இரண்டு பேரும் பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி உட்கார வேண்டும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. சாலையின் ஒவ்வொரு நெளிவும் உள்ளங்கைக்கு வந்து சேர வேண்டும் என்று விட்டுவிட்டார். இன்ஜின் சூடு தாங்க அந்த அறைக்குள் தங்கத் தகடு ஒட்டினார். பி.எம்.டபிள்யூ செய்து தந்த 6.1 லிட்டர், 12 சிலிண்டர், 627 குதிரைத் திறன் இன்ஜின் அது. 1998இல் மணிக்கு 386 கிலோமீட்டர் தொட்ட வண்டி. பந்தயக் கார்களையும் சேர்த்து மொத்தமே 106தான் செய்தார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, அந்த நடு இருக்கையில் யாரும் உட்காரவில்லை என்பதற்காக அதிக விலை கேட்கிறார்கள்!

சரி, உட்காராமல் வைத்தால் பத்திரமாகவாவது இருக்குமா? எஃப்1இன் பெட்ரோல் டேங்க் ரப்பர் பை போன்றது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். 26 வருஷத்துக்கு ஐந்து முறை என்று வையுங்கள். 78 கிலோமீட்டருக்கு ஒரு தரம் இன்ஜினை இறக்கிய வண்டி! லாரி ஷெட்டில் போய் இதைச் சொல்லிப்பாருங்கள், டீ வாங்கிக் கொடுத்து இன்னொரு தரம் சொல்லச் சொல்வார்கள். இறக்கவே இல்லை என்று விற்கிறவர் பெருமையாகச் சொன்னால், பக்கத்தில் நின்று பீடி பற்ற வைக்காதீர்கள்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆயில் சீல் காயும். பேட்டரி உட்கார்ந்துவிடும். மெக்லாரன் பி1, போர்ஷே 918, லாஃபெராரி என்று 2013 வாக்கில் வந்த ஹைப்ரிட் கார்களின் பெரிய பேட்டரிகளும் நாள்பட நாள்படச் சக்தி இழப்பவைதான். மீட்டர் எண்ணைக் காட்டிச் சலுகை கேட்க முடியாது.

எல்லாவற்றையும்விட மோசம் டயர். "ஒரிஜினல் டயர் சார், கம்பெனியில் போட்டது" என்று இந்தச் சேகரிப்பாளர்கள் தட்டிக்காட்டும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். 2013 நவம்பரில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில் சிக்கியது 2005 மாடல் போர்ஷே கரேரா ஜிடி. லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் விசாரணை இரண்டு காரணம் சொன்னது. ஒன்று, மணிக்கு 80 மைலுக்கு மேற்பட்ட வேகம். இன்னொன்று, ஒன்பது வயதான டயர்கள். தேயவில்லை என்பதால் டயர் புதிது ஆகிவிடாது, ரப்பர் இறுகிப்போயிருக்கும். மிஸ்டர் பீன் மாதிரி ஓட்டியிருந்தால் டயர் தானாகவே தேய்ந்திருக்கும், மாற்றியே ஆக வேண்டி வந்திருக்கும்.

"ஆனாலும் 2 கோடி டாலர் கொடுக்கிறார்களே மாமா?" கொடுப்பார்கள். விலை அதிகம், ஆகவே சரக்கு நல்லது என்று பேசுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. பேசித்தான் ஆக வேண்டும் என்றால் ஃபெராரி 250 ஜிடிஓவைச் சொல்வேன். 1962 முதல் 1964 வரை 36 செய்தார்கள், பந்தயத்துக்கென்றே. அடிபட்டு, நசுங்கி, வெல்டு வைத்து ஓடியவை. 2018 ஏலத்தில் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டிரம்மர் நிக் மேசன் தன்னுடையதை 1970களில் வாங்கி, பந்தயத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தார். அங்கே ஓடிய கதைக்குத்தான் காசு. இங்கே மட்டும் ஓடாத கதைக்குக் காசாம்.

நம் ஊரில் இந்த மீட்டர் பக்தி என்ன செய்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மீட்டரைக் குறைத்துத் தருவதற்கென்றே ஆள் இருக்கிறான். லட்சம் கிலோமீட்டர் ஓடிய டாக்சி ஒரே மதியத்தில் 'டாக்டர் ஓட்டின வண்டி' ஆகிவிடும். என் சகலை ஒருவர் ஏழு வருஷத்தில் 11,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கினார். மீட்டர் பொய் சொல்லவில்லை, அதுதான் சோகம். முதல் மாதமே பேட்டரி, நான்கு டயர், எலி கடித்த வயரிங். "ஓடுற வண்டிக்கு ஆயில் மாத்துவேன் சார், அவ்வளவுதான். நிக்கிற வண்டிதான் எனக்குச் சோறு போடுது" என்றார் மெக்கானிக். அந்த மனிதரைப் பெபிள் பீச்சுக்கு அனுப்ப வேண்டும்.

இது காரோடு நின்றாலும் பரவாயில்லை. ஜெனீவாவின் சுங்கவரி இல்லாக் கிடங்குகளில் ஓவியங்கள் பெட்டிக்குள்ளேயே கைமாறுகின்றன. வாங்கியவர்கூடச் சுவரில் மாட்டிப் பார்ப்பதில்லை. கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல் பெட்டகத்தில் வைக்கிறார்கள். மணி பார்க்க வேண்டுமென்றால் செல்போனை எடுப்பார்கள் போலிருக்கிறது.

கம்பெனிகளும் சளைத்தவை அல்ல. எந்த வாடிக்கையாளர் யோக்கியர் என்று பொறுக்கி எடுத்துத்தான் இப்படிப்பட்ட கார்களைக் கொடுக்கிறார்கள். மல்யுத்தக்காரர் ஜான் சீனா தன் ஃபோர்டு ஜிடியை இரண்டு வருஷம் முடிவதற்குள் விற்றார் என்று 2017இல் அந்தக் கம்பெனி அவர்மேல் வழக்கே போட்டது. அடுத்த வருஷம் சமரசம் ஆனது. விற்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கத் தெரிகிறது அல்லவா? அதே தாளில் இன்னொரு வரி சேர்க்கட்டும்: வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டராவது ஓட்டாதவரிடமிருந்து காரைத் திருப்பி எடுத்துக்கொள்வோம். அப்படி ஒரு கம்பெனி கிளம்பினால் அதன் விளம்பரத்தில் நடிக்க மிஸ்டர் பீன் காசு கேட்கமாட்டார் என்று நினைக்கிறேன்.