12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் நிலையத்துக்கு வரும் குரல்பதிவுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "பிள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போறது?" ஜோகூர் பாரு என்று ஆரம்பிப்பவர்கள், கடற்பாலத்து நெரிசலை நினைத்ததும் அவர்களே வேண்டாம் என்பார்கள். போன வாரம் ஒரு நேயர் நிபந்தனைப் பட்டியலே போட்டுவிட்டார்: "தாத்தா பாட்டியும் வரணும், நாலு வயசுக் குழந்தையும் வரணும், செலவு கையைக் கடிக்கக் கூடாது. முக்கியமா, கடைத்தொகுதியா இருக்கக் கூடாது!"

அவருக்கு நான் சொன்ன பதில்: நம் வடகிழக்குக் கடலில் இருக்கும் புலாவ் உபின். அதிலும் அந்தத் தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா கடற்கரை.

லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, பூகிஸில் மாறி, தானா மேராவில் இறங்கி, 2ஆம் எண் பேருந்து பிடித்தால் சாங்கி வில்லேஜ் வந்துவிடும். அங்கிருந்து சாங்கி பாயின்ட் படகுத்துறைக்கு இரண்டு நிமிட நடை. உபின் படகுக்குக் கால அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். ஒருவருக்கு 4 வெள்ளி. சில்லறையாக எடுத்துப் போங்கள். ஆள் சேரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எல்லாவற்றையும் கைப்பேசியில் முன்பதிவு செய்து பழகிய நமக்கு அந்தக் காத்திருப்பே ஒரு மாறுதல். படகில் ஏறினால் 10, 15 நிமிடத்தில் அக்கரை.

உபின் ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. மலாய் மொழியில் 'உபின்' என்றால் தரைக்குப் பதிக்கும் கல். பெயருக்கேற்ப அது கருங்கல் தீவுதான். 1850களின் தொடக்கத்தில் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு இங்கிருந்துதான் கல் போனது. 1924ல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்துக்கும் உபின் கல் போயிருக்கிறது. கல்லுடைப்பு 1999ல் நின்றது. அந்தப் பள்ளங்கள் இப்போது பச்சை நிறக் குளங்களாக இருக்கின்றன. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தீவில் இன்று சில பத்துப் பேரே மிச்சம்.

படகுத்துறையிலிருந்து செக் ஜாவாவுக்குச் சுமார் 3 கிலோமீட்டர். நடக்கலாம், சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். முட்டிவலிக்காரர்கள் இருந்தால் வேன் பிடிக்கலாம். சைக்கிளை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். உள்ளே நடைதான்.

அந்த நடை ஒரு கிலோமீட்டர் சொச்சம். எல்லாம் பலகை, சிமென்ட் போட்ட நடைபாதை. ஒரு வளையம் கடலுக்கு மேலே போகிறது, இன்னொரு வளையம் அலையாத்திக் காட்டுக்குள் போகிறது. இடையில் ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தில் ஜெஜாவி கோபுரம். ஜெஜாவி என்பது ஆலமர இனத்து மரம் ஒன்றின் மலாய்ப் பெயர். மேலே ஏறினால் காட்டின் உச்சி நம் கண்மட்டத்தில் இருக்கும். வாசலருகே 1930களில் கட்டிய ஆங்கிலேய பாணி வீடு ஒன்று நிற்கிறது. அதில் குளிர்காயும் கணப்படுப்பு உண்டு. "இந்த ஊர்ல எதுக்கு இது?" என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.

போவதற்கு முன் பார்க்க வேண்டியது வானிலையை மட்டுமல்ல, கடல் வற்றும் நேரத்தையும்தான். நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். நீர் ஏறியிருக்கும்போது வெறும் கடல் தெரியும். வற்றியபோது அடியில் இருந்த உலகமே தெரியும். மணல்கரை, பாறைக்கரை, கடற்புல் வெளி, பவளச் சிதறல், அலையாத்திக் காடு, கரையோரக் காடு என ஆறு வகைச் சூழல்கள் ஏறத்தாழ 100 ஹெக்டருக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு கொடுக்கை மட்டும் பெரிதாக வளர்த்து ஆட்டிக் காட்டும் நண்டு, சேற்றில் துள்ளி நடக்கும் மீன், இவற்றைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா நின்றால் போதும்.

போன ஜூனில் அம்மாவையும் அக்காவின் பிள்ளைகளையும் அழைத்துப் போனேன். அம்மா பிறந்து வளர்ந்தது முத்துப்பேட்டைப் பக்கம். சிங்கப்பூரில் எந்த இடத்துக்குப் போனாலும் பிள்ளைகள்தான் அம்மாவுக்கு விளக்கம் சொல்வார்கள். ரயில் வரைபடம் முதல் உணவு வாங்கும் செயலி வரை எல்லாம் அப்படித்தான். அன்று மட்டும் அது தலைகீழானது. சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்ததுபோல் நீட்டிக்கொண்டிருந்த வேர்களைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார்.

"இது அலையாத்தி கண்ணு. அலையை ஆத்துறதால அந்தப் பேரு. இந்த வேர் வழியாத்தான் மரம் மூச்சு விடும்."

"பாட்டி, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊர்ல இது காடு காடா இருக்கும்டா."

பலகையில் எழுதியிருந்த விளக்கத்தைச் சின்னவன் வாசித்துச் சரிபார்த்தான். பாட்டி சொன்னது சரி! அதன்பின் நடை முழுக்க அம்மாதான் வழிகாட்டி. பூவரசம் பூப்போல மஞ்சளாகப் பூத்திருந்த கடற்கரை மரத்தைக் காட்டி, பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய கதையைச் சொன்னார். அங்கே இலை பறிக்கக் கூடாது. கதை சொல்லத் தடையில்லை. நிப்பா பனையைக் காட்டி, ஐஸ் கச்சாங்கில் வரும் அட்டாப் சீ இந்தக் காய்க்குள் இருப்பதுதான் என்று சொல்லும் முறை என்னுடையது.

நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும் என்று பிள்ளைகள் தமிழ் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்த நிலம் சாங்கியிலிருந்து 4 வெள்ளி தூரத்தில் இருக்கிறது.

அது இன்னும் இருப்பதற்கு ஒரு கதை உண்டு. 2001ல் இந்தக் கரையை மண் கொட்டி மூடி நிலமாக்கத் திட்டம் தயாராக இருந்தது. செக் ஜாவாவின் வளம் அதற்குச் சற்று முன்புதான் இயற்கை ஆர்வலர்களின் கண்ணில் பட்டிருந்தது. ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் அங்கே வாழும் உயிர்களைக் கணக்கெடுத்தார்கள். செய்தி பரவ, பொதுமக்கள் பிள்ளை குட்டிகளோடு படகேறிப் போய்ப் பார்த்தார்கள். அரசாங்கத்துக்குக் கருத்து எழுதினார்கள். அந்த டிசம்பரில், வேலை தொடங்கவிருந்த நேரத்தில், திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2007ல் இன்றைய நடைபாதை திறக்கப்பட்டது.

கவனியுங்கள், ஒத்திவைக்கப்பட்டது என்றுதான் சொன்னேன். தீவு வளர்ச்சிப் பணிகளுக்குத் தேவைப்படாத வரை கரை இப்படியே இருக்கும் என்பதுதான் அன்று சொல்லப்பட்டது. நிலம் குறைந்த ஊரில் அந்த 'வரை' என்ற சொல் சின்னச் சொல் அல்ல. வீடும் வேண்டும், கரையும் வேண்டும் என்று நாமே இரண்டு பக்கமும் நிற்கிறோம். பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் இளம் தம்பதிகளுக்கு இது நன்றாகவே புரியும்.

கரைக்கு ஆபத்து மனிதரிடமிருந்து மட்டும் வருவதில்லை. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் ஜோகூரில் கொட்டிய மழையால் ஆற்று நீர் பெருகிவந்து, இங்கே கடலின் உப்பு குறைந்தது. செக் ஜாவாவில் ஏராளமான உயிர்கள் மடிந்தன. பிறகு மெல்ல மெல்ல அவை திரும்பின.

திரும்பி வந்ததற்கு இன்னொரு சாட்சி இருவாச்சிப் பறவை. சிங்கப்பூரில் இல்லாமலே போயிருந்த அது, 1994ல் உபினில் மறுபடி தென்பட்டது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சிறு பிளவு வழியாக ஆண் பறவை இரை ஊட்டும். இன்று நகரப் பூங்காக்களிலும் அவற்றைப் பார்க்கிறோம்.

கிளம்பும் முன் சில குறிப்புகள். காலையிலேயே போய்விடுங்கள். மூடிய காலணி, தொப்பி, கொசு மருந்து, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். தேக்காவில் வாங்கிய இட்லியைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் அந்தப் பை நன்றாகத் தெரியும். தோள்பைக்குள் வையுங்கள், அவற்றுக்கு எதையும் போடாதீர்கள். சிப்பி, கிளிஞ்சல் எதையும் வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம். இருட்டுவதற்குள் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். திரும்பும்போதும் 12 பேர் சேர வேண்டுமே!

நிபந்தனைப் பட்டியல் போட்ட நேயரே, உங்கள் வீட்டில் ஆறு பேர் என்றீர்கள். பக்கத்து வீட்டையும் கூப்பிட்டால் படகு உடனே கிளம்பிவிடும். பாட்டியை முன்னால் நடக்க விடுங்கள்.