டீசல் காரின் இரண்டு கணக்குப் புத்தகங்கள்

இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் 2025 ஒக்டோபரில் ஒரு பெரிய வழக்கு விசாரணைக்கு வந்தது. மெர்சிடிஸ், ஃபோர்ட், ரெனோ, நிசான், பெஜோ-சித்ரோயன் நிறுவனங்களின் டீசல் கார்களில், பரிசோதனைக்கூடத்தில் ஒரு விதமாகவும் வீதியில் வேறு விதமாகவும் இயங்கும் ஏற்பாடு இருந்ததா என்பதே கேள்வி. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுக்கின்றன. வாடகைக் கார், விநியோக வான், குடும்பக் கார் என்று எம்மவர் பலர் டீசலில் ஓடியவர்கள் என்பதால் இது எங்களுக்கும் உரிய விடயம்.

இதன் வேர் எஞ்சினுக்குள் இருக்கிறது. டீசல் எஞ்சினில் எரிபொருளை எப்போது, எவ்வளவு, எத்தனை தடவை தெளிப்பது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. சற்று முந்தித் தெளித்தால் எரிதல் சூடாகவும் திறமையாகவும் நடக்கும். டீசல் மிச்சமாகும், ஆனால் நைதரசன் ஒட்சைட்டு கூடும். பிந்தித் தெளித்தால் சூடு தணிந்து நைதரசன் ஒட்சைட்டு குறையும். அதற்குப் பதிலாகப் புகைக்கரியும் எரிபொருள் செலவும் கூடும். ஒரு பக்கம் வரவு வைத்தால் மறுபக்கம் பற்று விழுகிறது.

இந்த இழுபறியைத் தணிக்கப் பொறியியலாளர்கள் நிறையவே செய்தார்கள். 1997 இல் அல்பா ரோமியோ 156 காருடன் வந்த 'கொமன் ரெயில்' முறை பெரிய திருப்பம். கார் ரயரில் இரண்டு பார் சொச்சம் அழுத்தம் இருக்கும்; இன்றைய இன்ஜெக்டரில் 2,000 பாருக்கும் மேல். அந்த அழுத்தத்தில் டீசல் நுண்துளியாகி நன்றாக எரிவதால் கரி குறைகிறது. முதலில் சிறு துளி தெளித்தால் பின்வரும் பெரிய எரிதல் மென்மையாகும், சத்தமும் குறையும். கடைசியில் இன்னொரு துளி மிஞ்சிய கரியை எரிக்கும். ஆனாலும் தெளிப்பால் மட்டும் இரண்டு அழுக்கையும் ஒழிக்க முடியாது. கரி வடிகட்டியும் அட்புளூ திரவமும் தேவைப்படுவது அதனால்தான். அவை எல்லாம் செலவு.

அந்தச் செலவைத் தவிர்க்க வோக்ஸ்வாகன் எடுத்த வழியை 2015 செப்டெம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. பரிசோதனை நடப்பதை மென்பொருள் கண்டுகொண்டு அப்போது மட்டும் ஒழுங்காக நடந்தது. வீதியில் நைதரசன் ஒட்சைட்டு சட்ட வரம்பின் 40 மடங்கு வரை போனது. உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடி 10 இலட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. கணக்காளர் மொழியில் இது வரி அதிகாரிக்கு ஒரு புத்தகம், கடைக்கு ஒரு புத்தகம்.

அரசுகளுக்கும் இதில் பங்குண்டு. பிரித்தானியா 2001 இலிருந்து வாகன வரியைக் காபனீரொட்சைட்டை வைத்தே கணித்தது. டீசல் அதில் குறைவாக வெளியிடுவதால் வரி குறைந்தது. மக்கள் அந்தப் பக்கம் போனார்கள். மூச்சுக்குழாயை அரிக்கும் வாயு அந்தக் கணக்கில் சேரவேயில்லை. இலண்டனில் பெருவீதி அருகே வாழ்ந்த ஒன்பது வயது எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா 2013 இல் ஆஸ்துமாவால் இறந்தாள். காற்று மாசும் அதற்குக் காரணமென 2020 இல் மரண விசாரணை அதிகாரி பதிந்தார்.

'எஞ்சினைப் பாதுகாக்கவே அப்படி அமைத்தோம்' என்ற வாதத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2020 டிசெம்பரில் ஏற்கவில்லை. எஞ்சின் அழுக்கடைவதும் தேய்வதும் அதற்குச் சாட்டாகாது என்றது. வாகனத்தின் விலையில் 5 முதல் 15 வீதம் வரை இழப்பீடு கோரலாம் என ஜேர்மன் உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. 20,000 யூரோ காருக்கு அது 1,000 முதல் 3,000 யூரோ.

வாங்கியவரின் செலவோ அதோடு நிற்கவில்லை. 'சுத்தமான டீசல்' என்று விற்கப்பட்ட யூரோ 5 காருக்கு இன்று இலண்டனில் நாளொன்றுக்கு 12.50 பவுண். வருடத்தில் 300 நாள் ஓடினால் 3,750 பவுண். விதி மீறியவர் ஒருவர், தண்டம் கட்டுபவர் இன்னொருவர். காற்றைச் சுத்தமாக்கும் இந்தக் கட்டணம் தவறல்ல; அதன் சுமை முழுவதும் கடைசியாக வாங்கியவர் தலையில் இறங்குவதுதான் அநீதி.

பழைய டீசல் வாங்க நினைப்பவர் யூரோ 6 என்பதோடு நிற்காமல், வீதியிலேயே அளக்கும் சோதனைக்கு உட்பட்ட யூரோ 6டி தானா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு விடும் குறுந்தூர ஓட்டத்துக்கு டீசல் பொருந்தாது. வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யப் போதிய சூடு கிடைக்காது; அதற்காகத் தெளிக்கும் டீசல் எஞ்சின் ஒயிலில் கலக்கவும் கூடும். ஏற்கெனவே டீசல் வாங்கி ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டையும் பதிவுப் பத்திரத்தையும் எறியாமல் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் பேசுவது அந்தத் தாள்கள்தான்.